யாருக்கும் சொந்தமில்லாத துணியா?

வாசகர் கேள்வி: கிளாஸ்கோவில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணத்துப் பக்கம். என் அக்காவின் மகளுக்கும் ஸ்காட்லாந்துப் பையன் ஒருவருக்கும் வரும் செப்டம்பரில் இன்வர்னெஸுக்கு அருகே பியூலியில் திருமணம். மாப்பிள்ளை ஃப்ரேசர் குடும்பத்தவர். அவர்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரும் கில்ட் என்னும், முழங்கால்வரை வரும் மடிப்புப் பாவாடை போன்ற ஸ்காட்லாந்து உடையை அணிகிறார்கள். தாய்மாமன் என்பதால் என்னையும் அணியச் சொல்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அதைத் தைக்கும் டார்ட்டன் என்ற வண்ணக்கட்டத் துணியின் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குலத்துக்குச் சொந்தம் என்கிறார்கள். எனக்கு ஏது அங்கே குலம்? ஆகவே ராணுவ உருமறைப்புத் துணியில் தைத்த கில்ட் ஒன்றை இணையத்தில் அறுபது பவுண்டுக்கு வாங்கிவிட்டேன். அது யாருக்கும் சொந்தமில்லாதது, யாரும் கேள்வி கேட்க முடியாது என்று நினைத்தேன். மருமக்கள் பிரமாதம் என்கிறார்கள். அலுவலகத்து ஸ்காட்லாந்து நண்பர் சிரித்துவிட்டு, “கால்பந்து மைதானத்துக்கு நல்லது” என்றார். அம்மா படத்தைப் பார்த்து, “இது ஆமிக்காரருடைய உடுப்பு” என்றார். அக்கா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நீங்கள் கில்ட் தைப்பவர். ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

திருமணத்துக்கு வேண்டாம். மற்ற இடங்களுக்குத் தாராளமாக உடுத்துங்கள். தீர்ப்பு இவ்வளவுதான். ஆனால் அந்தக் கில்ட்டை வாங்கியதற்கு நீங்கள் சொல்லும் காரணம் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. டார்ட்டன் உங்களுக்கு உரியதல்ல என்று நினைத்தது தவறு. உருமறைப்புத் துணி யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்தது அதைவிடப் பெரிய தவறு. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். அக்காவிடமும் படித்துக் காட்டுங்கள்.

இன்ன குடும்பத்தவர்தான் இன்ன டார்ட்டனை அணியலாம் என்று ஸ்காட்லாந்தில் சட்டம் கிடையாது. 2009 முதல் அரசின் டார்ட்டன் பதிவேடு ஒன்று நடைமுறையில் இருக்கிறது. வடிவங்களைப் பதிந்துகொள்வதே அதன் வேலை; அணிகிறவரின் பாட்டன் பெயரை அது கேட்பதில்லை. அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்ட பால்மோரல் டார்ட்டன் ஒன்று உண்டு, அதை எந்தக் கடைக்காரரும் உங்களுக்கு விற்கப் போவதில்லை. மற்றபடி எல்லாம் மரியாதையும் வழக்கமும்தான். அந்த வழக்கமும் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பழையதல்ல. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வரவேற்பு ஏற்பாடுகளைக் கவனித்தவர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட். பிரபுக்களும் குலத் தலைவர்களும் டார்ட்டன் அணிந்து வந்து நிற்கவேண்டும் என்றதும், எங்கள் குலத்துக்கு எந்தக் கட்டம் என்று பலர் அதன் பிறகுதான் தேடத் தொடங்கினார்கள். குலவாரியாகக் கட்டம் பிரித்த பட்டியல்கள் பெரும்பாலும் அந்த நூற்றாண்டின் கைவேலை. மன்னரோ கில்ட்டுக்குக் கீழே கால் முழுவதையும் மூடும் இளஞ்சிவப்பு உறையை மாட்டிக்கொண்டு வந்தார். அதைவிடப் பெரிய அபசாரத்தை நீங்கள் செய்துவிட முடியாது, கவலைப்படாதீர்கள்.

குலம் இல்லாதவர்களுக்கென்றே பொதுவான டார்ட்டன்கள் இருக்கின்றன. கருநீலமும் பச்சையும் கறுப்புமான பிளாக் வாட்ச், சிவப்பு ராயல் ஸ்டூவர்ட், பச்சை ஹண்டிங் ஸ்டூவர்ட் ஆகியவற்றை வாடகைக் கடைகள் யாருக்கும் எடுத்துக் கொடுக்கும். ஊர், வட்டாரப் பெயர்களில் அமைந்தவையும் உண்டு. சிங் என்ற பெயரில் ஒரு டார்ட்டன் இருக்கிறது. இஸ்லாமியருக்கு ஒன்று, யூதருக்கு ஒன்று என்று இங்கே குடியேறியவர்கள் தங்களுக்கெனப் பதிந்துகொண்டவையும் இருக்கின்றன. உங்கள் விஷயத்தில் இன்னும் எளிய வழி ஒன்று உண்டு: மாப்பிள்ளையின் தந்தையிடம், “நானும் ஃப்ரேசர் டார்ட்டன் அணியலாமா?” என்று கேட்டுவிடுங்கள். பெண்ணின் தாய்மாமன் இப்படிக் கேட்டால் பெரும்பாலான குடும்பங்கள் அதைக் கௌரவமாகவே எடுத்துக்கொள்ளும். கேட்காமல் அணிந்தாலும் யாரும் கைது செய்யப் போவதில்லை. இருந்தாலும் கேட்பது அழகு.

இப்போது உருமறைப்புத் துணிக்கு வருவோம்.

கில்ட்டுக்கும் ராணுவத்துக்கும் உள்ள உறவு நீண்டது. சொல்லப்போனால் கில்ட் பிழைத்துக் கிடந்ததே ராணுவத்தால்தான். 1746இல் கலோடன் போரில் ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டுக் கிளர்ச்சி நசுக்கப்பட்டதும், மலைநாட்டு உடையையே தடை செய்து லண்டன் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. இரண்டாம் முறை ஏழு ஆண்டுகள் கடல் கடந்து நாடுகடத்தல். 1782 வரை அந்தச் சட்டம் இருந்தது. விலக்கு ராணுவத்துக்கு மட்டும். அதாவது சுமார் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு மலைநாட்டு ஆண் தன் பாட்டனின் உடையைச் சட்டப்படி அணிய விரும்பினால் மன்னரின் படையில் சேரவேண்டியிருந்தது. அந்தப் படைகள் போன ஊர்களில் நம் ஊர்களும் உண்டு. மெக்லவுட் ஹைலேண்டர்ஸ் என்ற மலைநாட்டுப் படைப்பிரிவு 1780இல் சென்னையில் வந்து இறங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தபோது, அதில் அந்த ஹைலேண்டர்களும் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான டேவிட் பேர்ட் காயத்தோடு பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தார்; 1799இல் அதே கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கி வந்ததும் அவரே.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் என்னிடம் திருப்பிக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: டார்ட்டனும் ஒரு காலத்தில் சிப்பாய் உடுப்புத்தானே, அதற்கு மட்டும் ஏன் சலுகை? நியாயமான கேள்வி. பொள்ளிலூருக்குப் பிறகு இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. டார்ட்டனைப் பார்த்துத் திடுக்கிடுகிறவர் யாரும் இன்று காஞ்சிபுரத்தில் இல்லை. அந்தக் கட்டம் திருமணத்துக்கும் ஷார்ட்பிரெட் பிஸ்கட் டப்பாவுக்கும் பள்ளிச் சீருடைக்கும் போய்ப் பழகி, கூர் மழுங்கிவிட்டது. உருமறைப்புத் துணிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை இலங்கைப் போர் முடிந்த 2009 என்பது நேற்று.

உங்கள் அம்மா சொன்ன ஒற்றை வரி இந்தக் கடிதத்திலேயே மிகக் கச்சிதமான தையல் விமர்சனம். அவர் பார்த்தது ஒரு பாணியை அல்ல. சோதனைச் சாவடியில் நின்றவர்கள், வீட்டுக்குள் வந்தவர்கள், ஒழுங்கையில் நடந்து போனவர்கள் அணிந்திருந்ததைப் பார்த்தார். திருமணத்துக்கு லண்டனிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் வரும் உறவினர்களில் அந்தத் துணியை அச்சத்தோடு நினைக்கிறவர்கள் இருப்பார்கள். மறுபக்கத்து வரிச் சீருடையை நினைத்து, இழந்த பிள்ளையை நினைக்கிறவர்களும் இருப்பார்கள். இந்த இரு கூட்டமும் ஒரே மண்டபத்தில் உங்கள் இடுப்புக்குக் கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள். உங்கள் மருமக்களுக்கு அது வெறும் பச்சையும் பழுப்புமான திட்டு. அவர்களுக்கு அப்படி இருப்பது நல்லதுதான். அதற்காகத்தானே இங்கே வந்து வளர்த்தீர்கள். ஆனால் அழைப்பிதழில் பெயர் இருப்பது பெரியவர்களுக்கு.

ஸ்காட்லாந்துக்காரர்கள் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கவேண்டும். உங்கள் அலுவலக நண்பர் கேலி செய்யவில்லை, இடத்தைச் சரியாகச் சொன்னார். ஸ்காட்லாந்து அணியின் பின்னால் ஊர் ஊராகப் போகும் டார்ட்டன் ஆர்மி ரசிகர்கள் கில்ட்டைக் கால்பந்துச் சட்டையோடும் கனத்த பூட்ஸோடும் அணிகிறார்கள். அந்தக் கூட்டத்தில் உருமறைப்புக் கில்ட்டை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இசைவிழா, மதுக்கடை, நண்பர்களோடு முகாம் எல்லாவற்றுக்கும் அதே விதி. முழங்கால் தெரிய ஒரு துணியைச் சுற்றிக்கொள்வதற்கு எடின்பரோ முதியவர் ஒருவரிடம் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2000இல் தொடங்கிய நிறுவனம் ஒன்று பக்கப் பைகள் வைத்த பருத்திக் கில்ட்டுகளைத் தச்சர்களுக்கும் குழாய் வேலை செய்கிறவர்களுக்கும் விற்றுப் பேர் வாங்கியது. எடின்பரோவிலேயே ஹௌவி நிக்கல்ஸ்பி என்ற கில்ட் தையற்காரர் ஜீன்ஸ் துணியிலும் தோலிலும் கில்ட் தைத்தார். அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவர்களில் சிலர் பின்னர் அவரிடமே அளவு கொடுத்தார்கள் என்றால் எனக்கு ஆச்சரியம் இராது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் தாங்கள் பணியாற்றிய பிரிவின் உருமறைப்பில் கில்ட் அணிவதும் உண்டு. அவர்களுக்கு அது சம்பாதித்த துணி. அவர்களைக் கேள்வி கேட்க நான் யார்?

ஆக, மரபைக் காக்கிறேன் என்ற பெயரில் உங்களைத் தடுக்கவில்லை. இன்னொரு காரணமும் சொல்லவேண்டும், அது என் தொழில் சம்பந்தப்பட்டது. கில்ட்டில் மறைந்துகொள்ளும் கலை இந்த நாட்டில் ஏற்கெனவே வளர்ந்து முதிர்ந்த ஒன்று. அது நீங்கள் வாங்கிய துணியைவிடப் பல மடங்கு அழகானது.

1859இல் லண்டன் ஸ்காட்டிஷ் என்ற தொண்டர்படை தொடங்கியபோது எந்தக் குலத்தின் டார்ட்டனை எடுப்பது என்ற சிக்கல் எழுந்திருக்கவேண்டும். தளபதி எல்கோ பிரபு எதையும் எடுக்கவில்லை. ஹாடன் கிரே என்ற, சாம்பலும் பழுப்பும் கலந்த ஒற்றை நிறத்துணியில் கில்ட் தைக்கச் சொன்னார். சிப்பாய் என்பவன் மனிதரை வேட்டையாடுகிறவன், மான் வேட்டைக்காரன் கண்ணுக்குத் தெரியாத நிறத்தைத் தேர்ந்தெடுப்பதுபோல அவனும் உடுத்தவேண்டும் என்பது அவருடைய வாதம். பிரித்தானிய ராணுவம் சிவப்புக் கோட்டைக் கழற்றுவதற்கு வெகு முன்பே, கில்ட்டை மறைவுக்காகத் தேர்ந்தெடுத்த ஒருவர் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். குலம் இல்லாதவர் என்ன அணிவது என்ற உங்கள் கேள்விக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

மற்றப் படைப்பிரிவுகள் பாடத்தை ரத்தம் சிந்திக் கற்றன. 1899 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் மேகர்ஸ்ஃபொன்டெய்ன் என்ற இடத்தில், ஹைலேண்ட் படையணி, போயர்கள் எனப்படும் டச்சு வம்சாவளிக் குடியேறிகளின் பதுங்குகுழிகளுக்கு எதிரே திறந்த வெளியில் நாள் முழுவதும் குப்புறக் கிடந்தது. கில்ட்டுக்கு முன்னால் காக்கி ஏப்ரன் கட்டியிருந்தார்கள். பின்பக்கம் கருத்த டார்ட்டன் அப்படியே தெரிந்தது. குப்புறப் படுத்தவனுக்கு முன்பக்க மறைப்பால் என்ன பயன்? முழங்காலின் பின்புறம் வெயிலில் வெந்து கொப்பளித்தது. முதல் உலகப் போரிலும் காக்கி உறைக்குள் கில்ட்டை மூடிக்கொண்டுதான் அகழிகளில் கிடந்தார்கள். சேற்றில் நனைந்த கம்பளியின் ஓரம் உறைந்து தொடையை அறுத்தது. இரண்டாம் போர் தொடங்கியதும் களத்தில் கில்ட் வேண்டாம் என்று உத்தரவு வந்தது. கேமரன் ஹைலேண்டர்ஸ் மட்டும் 1940இல் பிரான்சில் அதை அணிந்தே சண்டையிட்டார்கள். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் பில் மில்லின் என்ற படைவீரர் கில்ட்டோடு பேக்பைப் ஊதிக்கொண்டு இறங்கியது விதிவிலக்கு. ஊதச் சொன்னவர் லோவட் பிரபு. உங்கள் சம்பந்தி வீட்டின் ஃப்ரேசர் குலத்துக்கு அன்றைய தலைவர் அவர். இன்று ஸ்காட்லாந்துப் படையினர் களத்துக்குப் போகும்போது எல்லாப் பிரித்தானியப் படையினரையும்போல உருமறைப்பு உடை அணிகிறார்கள். அணிவகுப்புக்கும் விருந்துக்கும் கில்ட் அணிகிறார்கள். எதை எங்கே உடுத்துவது என்பது அவர்களுக்குக் குழப்பமில்லாமல் தெரியும்.

வேட்டைக்காரர்களின் வழி வேறு. விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் 1853இல் பால்மோரல் பண்ணைக்கென ட்வீட் என்னும் முரட்டுக் கம்பளித்துணி ஒன்றை வடிவமைத்தார். தூரத்தில் சாம்பலாகத் தெரியும். அருகில் பார்த்தால் கருநீலமும் சிவப்பும் தெறித்திருக்கும். சுற்றிலும் உள்ள கருங்கல் மலையின் நிறம் அது. மலைநாட்டின் பெரும் பண்ணைகள் பலவும் இப்படித் தத்தம் மலைச்சரிவுக்கு ஒத்த ட்வீட்டைத் தங்கள் வேட்டை உதவியாளர்களுக்கு நெய்வித்தன. அதே பரம்பரையின் முந்தைய லோவட் பிரபு ஒருவர் மோரார் ஏரியின் எதிர்க்கரையைப் பார்த்தாராம். பிரிம்ரோஸ் பூவின் மஞ்சளும் புளூபெல் பூவின் நீலமும் பிரேக்கன் என்ற பெரணி இலையின் பழுப்பும் மணலும் தொலைவில் ஒரே மங்கிய பச்சையாகக் கலந்து தெரிந்தனவாம். அந்த நிறங்களில் சாயமிட்ட கம்பளியை ஒன்றாகக் கலந்து நூற்று நெய்ததே லோவட் ட்வீட் என்பார்கள். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். துணி மெய். இன்றும் லோவட் பச்சை என்றால் எந்தத் தையற்காரருக்கும் தெரியும். 1900இல் போயர் போருக்கென்று இன்னொரு லோவட் பிரபு, மான் வேட்டைக்கு வழிகாட்டும் கில்லிகளைத் திரட்டி லோவட் ஸ்கௌட்ஸ் படையை அமைத்தார். குறிபார்த்துச் சுடுவோர் இன்று உடல் முழுதும் நார்களைத் தொங்கவிட்டு அணியும் கில்லி உடைக்குப் பெயர் வந்தது அந்தக் கில்லிகளால்தான் என்பார்கள்.

ஆகவே, ஃப்ரேசர் வீட்டுத் திருமணத்துக்கு, ஃப்ரேசர் நிலத்தில் நிறம் எடுத்த லோவட் ட்வீட்டில் கில்ட். குலமும் தேவையில்லை, கேள்வியும் வராது. நீங்கள் விரும்பிய பச்சையும் பழுப்பும் அதில் உண்டு. மாப்பிள்ளையின் தாத்தா உங்களைத் தனியே அழைத்து ஒரு கோப்பை விஸ்கி ஊற்றுவதற்கும் வாய்ப்பு இருக்கிறது. டார்ட்டனே வேண்டும் என்றால், கடையில் ‘வெதர்டு’ வண்ணத்தில் காட்டச் சொல்லுங்கள். அதே கட்டம்தான், பச்சை இருந்த இடத்தில் பழுப்பும், நீலம் இருந்த இடத்தில் சாம்பலும் வரும்.

இனி நீங்கள் வாங்கியிருக்கும் கில்ட்டைப் பற்றி. அறுபது பவுண்டு என்றதிலிருந்தே ஓரளவு ஊகிக்க முடிகிறது. இந்த விலைக் கில்ட்டுகளில் பெரும்பகுதி பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைக்கப்படுபவை. அங்குள்ள தையற்காரர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த ஊரில் பேக்பைப்பே செய்கிறார்கள். குறை துணியில் இருக்கிறது. முறையான கில்ட்டுக்கு எட்டு கெஜம், அதாவது ஏழு மீட்டருக்குச் சற்று அதிகமான, நன்கு முறுக்கிய கம்பளித்துணி வேண்டும். முடிந்தபின் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அந்த எடைதான் நடக்கும்போது பின்மடிப்புகளை ஆடவைக்கிறது. நின்றதும் அவற்றை ஒன்றாக இடத்தில் விழவைப்பதும் அதுவே. கில்ட்டின் கீழ்விளிம்பை மடித்துத் தைப்பதில்லை. நெசவின் கரையே விளிம்பு. உங்கள் பருத்தித் துணியை வெட்டித்தானே தைத்திருப்பார்கள்? அதனால் கீழே மடித்துத் தைக்கவேண்டும். ஒவ்வொரு மடிப்பிலும் அந்தத் தடிப்பு அடுக்கடுக்காகச் சேர்ந்து பின்புறம் விறைத்து நிற்கும். கழுவிய பிறகு மடிப்பு கலையாமலிருக்க ஒவ்வொரு விளிம்பிலும் தையல் ஓட்டியிருப்பார்கள். அதனால் அது ஆடாது, பலகைபோல அசையும்.

அச்சுத்துணியின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வெளிறியிருக்கும். டார்ட்டன் நூலில் சாயமேற்றி நெய்தது, இருபுறமும் ஒன்றே. மடிப்பு விரியும்போது உள்ளே தெரிவதும் அதே நிறம். காற்றில் உங்கள் கில்ட் விரிந்தால் வெள்ளை அடி தெரியும். காற்றைப் பற்றிச் சொல்லும்போதே இன்னொன்று: கில்ட்டுக்கு உள்ளே எதுவும் அணிவதில்லை என்ற புகழ்பெற்ற வழக்கத்தைக் கடைப்பிடிக்கும் எண்ணமிருந்தால், லேசான பருத்திக் கில்ட்டில், கிளாஸ்கோவின் தெருமுனைகளில், தயவுசெய்து வேண்டாம். அந்த வழக்கம் கனத்த கம்பளியை நம்பி உண்டானது. வாடகைக் கடைகளும் உள்ளாடையோடு அணியச் சொல்லித்தான் கேட்டுக்கொள்கின்றன.

மடிப்பு வைப்பதில்தான் என் ஆட்சேபம் முழுவதும் இருக்கிறது. டார்ட்டன் கட்டத்தை எண்ணி மடித்தால், முன்னால் தெரியும் அதே கட்டம் பின்னால் இருபதுக்கும் மேற்பட்ட மடிப்புகளிலும் உடையாமல் தொடரும். அல்லது படைப்பிரிவுகளில் செய்வதுபோல, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு நடுவில் வருமாறு வைக்கலாம்; நடக்கும்போது உள்ளே ஒளிந்த நிறங்கள் பளிச்சிட்டு மறையும். கில்ட் தைப்பவரின் திறமை தெரியும் இடம் அது. உருமறைப்புத் திட்டுக்கு இப்படி எண்ணுவதற்கு ஒழுங்கான கட்டமே இல்லை. எப்படி மடித்தாலும் பின்புறம் இலையும் சேறும் குழம்பியதுபோலத்தான் வரும். உடலின் கோட்டைச் சிதறடித்துக் கண்ணை ஏமாற்றுவதற்காக அந்தத் துணியை வடிவமைத்தார்கள். இடுப்பின் பிடிப்பையும் மடிப்பின் வீச்சையும் காட்டுவதற்காகக் கில்ட்டை வடிவமைத்தார்கள். இரண்டையும் ஒன்றாகத் தைத்தால் ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கிறது. போதாததற்கு, உருமறைப்பு அணிந்தும் யார் கண்ணுக்கும் தப்ப முடியாத ஓர் இடம் உலகில் உண்டென்றால், அது தமிழ்க் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்கும் இடம்.

சரி, வாங்கியதை என்ன செய்வது? வைத்துக்கொள்ளுங்கள். கால்பந்துக்கும் இசைவிழாவுக்கும் உடுத்துங்கள், அம்மா வீட்டில் இல்லாத நாட்களில் உடுத்துங்கள். உண்மையான படைச் சின்னம், பதவிப் பட்டை எதையும் அதோடு சேர்க்காதீர்கள். பிரித்தானியாவில் வெறும் உருமறைப்புத் துணி அணிவது குற்றமில்லை, ஆனால் உரிமையில்லாமல் ராணுவச் சீருடை அணிவதைத் தடுக்கும் 1894ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. விடுமுறைக்குப் பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் பக்கம் போனால் பெட்டியில் வைக்கவே வேண்டாம்; அங்கே பொதுமக்கள் உருமறைப்பு அணிவதே சட்டவிரோதம். யாழ்ப்பாணத்துக்கு எடுத்துப் போவதைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. மலையேறப் போகும்போது அதை அணிந்தால் மேலே பளிச்சென்ற ஜாக்கெட் போடுங்கள். வழிதவறியவரைத் தேடும் மீட்புக்குழுவுக்குப் பச்சைப்பழுப்பு மனிதர் உதவ மாட்டார். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கன் புதருக்குள் வெறும் முழங்காலோடு நடந்தால் அது நிச்சயம் தேடி வரும், லைம் நோயையும் கொண்டுவரலாம்.

காலுறையில் செருகும் சிறு கத்தியை, ஸ்கீன் டூ என்பதை, இந்தக் கில்ட்டோடு செருகவே கூடாது. பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். தேசிய உடையின் பகுதி என்றால் சட்டம் அதை ஏற்கிறது. திருமணத்தில் முழு உடையோடு வைத்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். உருமறைப்புக் கில்ட்டும் டீசர்ட்டும் தேசிய உடைதான் என்ற வாதத்தைச் சனிக்கிழமை இரவு ஒரு போலீஸ்காரரிடம் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

திருமணத்துக்கு வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். கில்ட், கோட்டு, ஸ்போரன் என்ற முன்புறம் தொங்கும் பை, காலுறை, காலணி எல்லாம் சேர்த்து நூறு பவுண்டைச் சற்று முன்பின்னாக ஒட்டி முடிந்துவிடும். கையால் தைத்த கில்ட் மட்டுமே அதைப்போலப் பல மடங்கு ஆகும். இனி அடிக்கடி அணிவீர்கள் என்றால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள். பகல் திருமணத்துக்கு ட்வீட் கோட்டும் தோல் ஸ்போரனும் போதும். வெள்ளி பொத்தான் வைத்த குட்டைக் கோட்டையும் ரோம ஸ்போரனையும் மாலை விருந்துக்கு விடுங்கள். தாலி கட்டும் சடங்கு தனியாக இருந்தால் அதற்கு வேட்டிதான், இதில் விவாதமே இல்லை.

அளவு கொடுக்கப் போகும்போது உங்கள் காற்சட்டை அளவைச் சொல்லாதீர்கள். கில்ட்டை இடுப்பெலும்பில் அணிவதில்லை, தொப்புள் மட்டத்தில் அணியவேண்டும். அங்கே சுற்றளவு வேறு, பெரும்பாலும் நாம் ஒப்புக்கொள்ள விரும்புவதைவிட அதிகம். நீளம் முழங்கால் சில்லின் நடுவரை. மண்டியிட்டால் விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கவேண்டும். மடிப்பு முழுவதும் பின்னால், மேல்மடியின் திறந்த ஓரம் உங்கள் வலப்பக்கம். காலுறையின் மேல்மடிப்பு முழங்காலுக்கு மூன்று விரல் கீழே. உட்காரும்போது, வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்காருவோமே, அதுபோலப் பின்மடிப்பை இரு கைகளாலும் வழித்துவிட்டு உட்காருங்கள். முழங்கால்களைச் சேர்த்து வையுங்கள், முன்வரிசையில் புகைப்படக்காரர் இருப்பார். ஸ்போரனை இடுப்புப் பட்டைக்கு ஒரு கையகலம் கீழே விடுங்கள். நடனமாடும்போது அதைப் பக்கவாட்டில் தள்ளிவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். கில்ட் ஊசியை வலது கீழ்மூலையில், மேல் அடுக்கில் மட்டும் குத்துங்கள். உள்ளடுக்கையும் சேர்த்துக் குத்திவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தால் துணி கிழியும். கிழித்த துணிக்கு வாடகைக் கடைக்காரர் முன்பணத்தில் கை வைப்பார். ஜூன் மாதத்துக்குள் கடைக்குப் போய்ப் பதிந்துவிடுங்கள், கோடைத் திருமணக் காலத்தில் நல்ல ட்வீட் கில்ட்டுகள்தான் முதலில் தீர்ந்துபோகும்.